கிளாஸ்ல ஸ்பெஷல் குழந்தை இருந்தா டீச்சர் எங்க ஆரம்பிக்கறது

முதல்ல பயப்படாதீங்க, பிஎட்ல இதெல்லாம் யாரும் சரியா சொல்லித் தரல, எனக்கும்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 21 வகை குறைபாடு இருக்கு, டிஸ்லெக்ஸியாவும் (எழுத்து, வார்த்தை படிக்கறதுல வர்ற சிரமம்) அதுல அடங்கும், ஆனா நாமதான் "சோம்பேறி"னு சொல்லிட்டு போயிடறோம்.

பிள்ளைக்கு குறைபாடு இருக்கலாமான்னு முதல் கட்டமா பாக்கற என்சிஇஆர்டியோட பிரஷஸ்த் ஆப் போன்ல போட்டுக்கோங்க. அதுல முதல் செக்லிஸ்ட் நம்மள மாதிரி சாதாரண டீச்சருக்குத்தான், ஆனா டிக் அடிச்சதும் "உங்க பிள்ளைக்கு இதுதான்"னு பெத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க ப்ளீஸ், அது டாக்டர் வேலை. கவர்மென்டோட திக்ஷா வெப்சைட்ல இன்க்ளூசிவ் எஜுகேஷன் (எல்லா பிள்ளைகளையும் ஒரே கிளாஸ்ல சேர்த்து சொல்லித் தர்றது) கோர்ஸ் ஃப்ரீயா இருக்கு. கவர்மென்ட் ஸ்கூல்னா வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, ஹெச்எம் மூலமா கூப்பிடுங்க. முழுசா படிக்கணும்னா சென்னை பக்கத்துல முட்டுக்காடு நிப்மெட்ல (பல்வகை குறைபாடு உள்ளவங்களுக்கான மத்திய அரசு நிறுவனம்) கோர்ஸ் இருக்கு, வேற எங்க சேர்ந்தாலும் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இருக்கான்னு பாத்துட்டு பணம் கட்டுங்க.

என் கிளாஸ்ல ஒரு பையன் படிக்கும்போது வரி விட்டு வரி தாவிடுவான், ஒரு அட்டைல ஒரு வரி மட்டும் தெரியற மாதிரி ஜன்னல் வெட்டிக் குடுத்தேன், செலவே இல்ல, அப்புறம் அவனே அத நகத்தி நகத்தி படிக்க ஆரம்பிச்சுட்டான்.

பத்தாவது பரீட்சைன்னா ஸ்க்ரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல எழுதறவர்), எக்ஸ்ட்ரா டைம் இதுக்கெல்லாம் சர்டிபிகேட்டோட முன்னாடியே அப்ளை பண்ணணும், ஹால் டிக்கெட் வந்தப்புறம் ஓடாதீங்க.