மேட்சுக்குப் போவதா வேண்டாமா? கடைசி ரயிலிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கால்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் கையில் இருக்கிறது, எதிரணியும் நல்ல அணி, கூட வர நண்பர்கள் தயார். அப்படியும் ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒருவர் மெல்லக் கழன்றுகொள்வார். ஏன் என்று துருவிக் கேட்டால் அணி சரியாக ஆடவில்லை என்பதெல்லாம் சாக்கு, ராத்திரி எப்படி வீடு வந்து சேர்வது என்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும். இந்த யோசனை டிக்கெட் வாங்கும் முன்பே வந்திருந்தால் காசும் மிச்சம், சங்கடமும் மிச்சம். அதனால் அந்தக் கணக்கை முன்கூட்டியே எப்படிப் போடுவது என்று, பெரும்பாலும் இங்கிலாந்து உதாரணங்களோடு, பார்ப்போம்.

திரும்பி வருவதை முதலில் பாருங்கள்

மைதானத்துக்குப் போவது பெரிய விஷயமே இல்லை. ஒருவர் மதியமே வந்து சுற்றிக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மூச்சு வாங்க ஓடி வருவார், ஆக கூட்டம் மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பரவி வந்து சேரும். முடிந்தபிறகு நிலைமை வேறு. 60,000 பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே ஸ்டேஷனை நோக்கி நடப்பார்கள். அதனால் வழக்கமான பயண ஆப் காட்டும் நேரத்தைத் திரும்பும் பயணத்துக்கு அப்படியே நம்பாதீர்கள், அதற்கு வரிசையில் நிற்கும் நேரம் தெரியாது.

இரவு 8 மணி ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாதிக்கும் சேர்த்து 90 நிமிடம், இடைவேளை 15 நிமிடம், ஆட்டம் தடைபட்டதற்கு ஈடாகக் கடைசியில் சேர்க்கும் இஞ்சுரி டைம் இப்போதெல்லாம் தாராளமாகவே கொடுக்கிறார்கள் என்பதால் அதற்கு ஒரு பத்து நிமிடம் போடுங்கள். 9:55. மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தால் வெளியே வரவே கால் மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் போலீஸ் கூட்டத்தைப் பகுதி பகுதியாகத்தான் உள்ளே விடுவார்கள், அதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆக, நீங்கள் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது மணி 10:40 ஆகியிருக்கும். அங்கிருந்து ஊருக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு? அது 11 மணிக்கு முன்னால் என்றால் அந்தத் திட்டம் தேறாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் இரவு 8 மணிக்கு லண்டனில் ஆட்டம் வைத்தால் வடக்கே வெகு தொலைவில் இருக்கும் நியூகாசில் ரசிகர் அன்றிரவே ரயிலில் ஊர் திரும்ப முடியாது. அவருக்கு அது ஒரு ஆட்டம் மட்டும் இல்லை, ஒரு ராத்திரி தங்கும் செலவும் மறுநாள் லீவும் சேர்ந்தது.

கோப்பைப் போட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில் 2024-25 சீசன் முதல் முதன்மைச் சுற்றுகள் எதிலும் மறு ஆட்டம் கிடையாது, சமநிலையில் முடிந்தால் அன்றைக்கே 30 நிமிடக் கூடுதல் நேரம், அப்புறமும் சமநிலை என்றால் பெனால்டி. முன்பெல்லாம் 1-1 என்று முடிந்தால் கிளம்பி வந்துவிடலாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அதே ஸ்கோர் உங்கள் திட்டத்தில் முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். கூடுதல் நேரம் உள்ள போட்டி என்றால் பெனால்டி வரை போகும் என்று நினைத்தே திரும்பும் வழியைப் போடுங்கள்.

80வது நிமிடத்தில் எழுந்து ஓடினால் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று சொல்லும் திட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றை நான் திட்டமாகவே எடுத்துக்கொள்வதில்லை. 2012 மே 13 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு லீக் பட்டம் வாங்கிக்கொடுத்த அகுவேரோ கோல் விழுந்தது 93 நிமிடம் 20 விநாடியில். முழு ஆட்டத்துக்குக் காசு கொடுத்துவிட்டுக் கடைசி பத்து நிமிடத்தைப் போனில் கேட்பதாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பதே மேல்.

தூரம் பிரச்சினையே இல்லை, நிச்சயமின்மைதான் பிரச்சினை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிளிமத்திலிருந்து வடகிழக்கே சண்டர்லாந்துக்கு ஒரு வழி மட்டும் சுமார் 650 கிலோமீட்டர். அதற்கும் ஆட்கள் போகிறார்கள். சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு ஆட்டம், பேருந்து இத்தனை மணிக்குக் கிளம்பும், நள்ளிரவு தாண்டி இத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்று தெரிந்தால் மனிதர்கள் எவ்வளவு தூரமும் தாங்குவார்கள். ஆனால் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மைதானத்துக்கு, ரயில் ஓடுமா ஓடாதா, பாதி வழியில் மாற்றுப் பேருந்தில் ஏற்றுவார்களா என்று தெரியாமல் கிளம்பச் சொன்னால் வர மாட்டார்கள். அதனால் முடிவெடுக்கும்போது எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். எத்தனை வண்டி மாற வேண்டும், அதில் எது தவறினால் அடுத்ததும் போய்விடும் என்று கேளுங்கள். நேரடியாக ஐந்து மணி நேரம் போகும் பேருந்து, இரண்டு முறை மாறி மூன்று மணி நேரத்தில் போகும் ரயிலைவிட எனக்குப் பல மடங்கு உசத்தி, குறிப்பாக இரவில்.

இந்த நிச்சயமின்மை எங்கிருந்து வருகிறது? முதல் காரணம் டிவி. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் அட்டவணை ஜூனில் வரும்போது பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை 3 மணி என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி யாரும் பயணத்துக்குக் காசு கட்டக் கூடாது. அந்த நேரத்தில் பிரிட்டனில் நேரலை ஒளிபரப்புக்குத் தடை இருப்பதால், டிவி தேர்ந்தெடுக்கும் ஆட்டம் எல்லாம் வெள்ளி இரவு, சனி 12:30, ஞாயிறு, திங்கள் இரவு என்று எங்காவது நகரும். இந்தத் தேர்வு சுமார் ஐந்தாறு வாரம் முன்னால்தான் வெளியாகும். மலிவான ரயில் டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும், பணமும் திரும்பாது. ஆக, டிவி அறிவிப்பு வரும்வரை பொறுங்கள், வந்த அன்றே ரயில் டிக்கெட்டை எடுங்கள், ஏனென்றால் அதே ஊரிலிருந்து போகும் மற்ற ரசிகர்களும் அதே நாளில்தான் எடுப்பார்கள். தங்கும் இடத்தை மட்டும் ரத்து செய்யும் வசதியோடு முன்பே பிடித்து வைக்கலாம்.

இரண்டாவது, தண்டவாளப் பராமரிப்பு. விடுமுறை வாரங்களில்தான் பெரிய வேலைகளை வைத்துக்கொள்வார்கள், அதே வாரங்களில்தான் பெரிய ஆட்டங்களும் வரும். 2022 ஏப்ரல் 16, ஈஸ்டர் வாரம். லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் எஃப்ஏ கோப்பை அரையிறுதி ஆடின, அன்றைக்கு அந்த இரண்டு ஊரிலிருந்தும் லண்டனுக்கு நேரடி ரயில் இல்லை. இடத்தை மாற்றுங்கள் என்று ரசிகர் அமைப்புகளும் இரு நகரப் பகுதிகளின் மேயர்களும் கேட்டார்கள். மாற்றவில்லை. பதிலாக 5,000 பேருக்காக 100 இலவசப் பேருந்துகள் விட்டார்கள். சிட்டி ரசிகர்கள் பக்கம் காலி இருக்கைகள் தெரிந்தபோது, அந்த அணிக்கு ரசிகர்களே இல்லை என்று கேலி பேசியவர்களும் உண்டு. ரயிலே ஓடாத நாளில் வந்து சேர்ந்தவர்களைப் பாராட்ட வேண்டாமா! டிசம்பர் 26 இன்னொரு வேடிக்கை: கால்பந்துக்குப் பாரம்பரியமான நாள், பிரிட்டனில் பெரும்பாலான ரயில்கள் ஓடாத நாளும் அதுவே. டிக்கெட் எடுக்கும் முன் அந்த வாரத்துக்கான ரயில் பராமரிப்பு அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது, வானிலை. குளிர்காலத்தில் சின்ன மைதானங்களில் தரை உறைந்தோ தண்ணீர் தேங்கியோ கிடந்தால் ஆட்டத்தன்று காலையில் நடுவர் வந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பார். டிக்கெட் பொதுவாக மறு தேதிக்குச் செல்லும், பயணக் காசு போனது போனதுதான். மழை, பனி அறிவிப்பு இருந்தால் கிளப்பின் பக்கத்தைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

காசுக் கணக்கு

பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் 2016-17 முதல் அதிகபட்சம் 30 பவுண்டு. நல்ல விஷயம்தான், ஆனால் இதனால் ஒரு மயக்கமும் வருகிறது: டிக்கெட் 30 பவுண்டுதானே என்று எடுத்துவிடுகிறோம், ரயிலுக்கு அதைவிட அதிகம் போகிறது, தங்கினால் அதற்கும் மேலே. வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து மறுபடி திறப்பது வரை ஆகும் மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், சாப்பாடு, டாக்சி, மறுநாள் எடுக்கும் லீவு எல்லாம் சேர்த்து. அந்தத் தொகையை இந்த எதிரணிக்கு, இந்தக் கிழமைக்கு மனசார கொடுப்பீர்களா என்பதுதான் கேள்வி. சீசன் முழுக்கவும் இதைச் செய்து பார்த்தால், செவ்வாய் இரவு ஆட்டம் மூன்றை விட்டுவிட்டு அதே காசில் ஒரு நல்ல சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் பார்க்கலாம் என்று தெரியவரும்.

சில இடங்களில் டிக்கெட்டிலேயே பயணம் அடங்கும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஜெர்மனியில் பல கிளப்புகளின் டிக்கெட்டைக் காட்டினால் உள்ளூர் ரயில், பேருந்து இலவசம். இங்கிலாந்தில் பிரைட்டன் கிளப்பும் 2011-இல் ஊருக்கு வெளியே புது மைதானத்துக்குப் போனபோது பயணத்தை டிக்கெட்டோடு சேர்த்தது. ஜெர்மனியில் நடந்த ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோ 2024-இல் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு 36 மணி நேர உள்ளூர்ப் பயணச் சலுகை இருந்தது. இலவசம் என்றால் வசதி என்று அர்த்தம் இல்லை, அது வேறு. அதே போட்டியில் கெல்சென்கிர்ஹனில் செர்பியா - இங்கிலாந்து ஆட்டம் முடிந்த இரவில் டிராமுக்காக ரசிகர்கள் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள்.

காரில் போனால்

மைதானத்துக்கு ஒட்டினாற்போல் இடம் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், கடைசியாக வெளியே வருவது நீங்களாகத்தான் இருக்கும். 25 நிமிடம் நடக்கிற தூரத்தில், நீங்கள் ஊருக்குத் திரும்பும் சாலையின் பக்கமாக நிறுத்துங்கள், வண்டியின் முகமும் அந்தப் பக்கம் இருக்கட்டும். நகர மைதானங்களைச் சுற்றி ஆட்ட நாளில் மட்டும் குடியிருப்போருக்கு என்று ஒதுக்கிய தெருக்கள் உண்டு, பலகையைப் படிக்காமல் விட்டால் டிக்கெட் விலையைவிட அபராதம் அதிகமாகும். ரயிலில் போகிறவர்களும் இதே யோசனையைச் செய்யலாம்: பக்கத்து ஸ்டேஷனை விட்டு அடுத்த ஸ்டேஷனுக்கு, முடிந்தால் ரயில் வரும் திசைக்கு எதிராக நடந்து போய் ஏறுங்கள், கூட்டம் ஏறும் முன்பே உட்கார இடம் கிடைத்துவிடும்.

ரசிகர் சங்கம் ஏற்பாடு செய்யும் பேருந்து கிடைத்தால் அதையே எடுங்கள். ஆட்டம் எவ்வளவு நேரம் நீண்டாலும் அது உங்களை விட்டுவிட்டுப் போகாது. இங்கிலாந்தில் 1985 சட்டப்படி அதில் மது கூடாது, அது சிலருக்குக் குறை, குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வசதி.

குழந்தைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் ஒரே விதி: வார நாள் இரவு ஆட்டம் வேண்டாம். முதல் ஆட்டமே நடு ராத்திரி பிளாட்பாரத்தில் அழுகையாக முடிந்தால் இரண்டாவது ஆட்டத்துக்குக் குழந்தை வரக் கேட்காது. பகல் ஆட்டமாக, எளிய எதிரணியாகப் பாருங்கள்.

போகவில்லை என்று முடிவெடுத்தால்

அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஐரோப்பிய கிளப்புகளுக்கான 2019 யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தை லண்டன் அணிகளான ஆர்சனலும் செல்சியும் ஆடியது லண்டனிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி அஜர்பைஜானின் பாகுவில். கிட்டத்தட்ட 69,000 பேர் உட்காரும் மைதானத்தில் ஒவ்வொரு கிளப்புக்கும் 6,000 டிக்கெட்தான் ஒதுக்கினார்கள், அதிலும் மீதம் விழுந்து திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளூர் நேரம் இரவு 11 மணிக்கு ஆட்டம். உயிரையே விடும் ரசிகர்கள் கூட ஐரோப்பியக் கோப்பை இறுதியை விட்டுவிட்டார்கள் என்றால் புதன்கிழமை லீக் ஆட்டத்தை நீங்கள் விடலாம்.

ஆனால் டிக்கெட்டை வீணாக்காதீர்கள். சீசன் டிக்கெட் என்றால் கிளப்பின் மறுவிற்பனைப் பக்கத்தில் போடுங்கள், அதற்கு ஒரு கெடு நேரம் இருக்கும், கடைசி நாள் வரை யோசித்தால் அது தாண்டிவிடும். சில கிளப்புகள் ஒரு சீசனில் இத்தனை ஆட்டமாவது டிக்கெட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன, மறுவிற்பனைக்குப் போட்டதைக் கணக்கில் எடுப்பார்களா என்று விதிகளில் பாருங்கள்.

இன்னொன்று, பயணத்தால்தான் வரவில்லை என்பதை ரசிகர் சங்கத்துக்கு எழுதிப் போடுங்கள். ஜெர்மனியில் திங்கள் இரவு ஆட்டங்களுக்கு எதிராக ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள், நிற்கும் பகுதியைக் காலியாக விட்டார்கள், அந்நாட்டு முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகா 2021-22 சீசனிலிருந்து திங்கள் ஆட்டத்தை எடுத்துவிட்டது. "ரொம்பக் கஷ்டம்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணி, ஊருக்குக் கடைசி ரயில் எப்போது, நேரம் மாறியது எந்தத் தேதியில் தெரிந்தது, அதனால் எவ்வளவு காசு போனது, உங்கள் கூட்டத்தில் எத்தனை பேர் வராமல் நின்றார்கள், இவை போதும். கிளப்போடும் ரயில்காரர்களோடும் பேசப் போகிறவருக்குக் கையில் வேண்டியது அந்த எண்கள்தான்.