சுயேச்சை என்று டிக் அடிக்கும் முன்

கலிபோர்னியாவில் எந்தக் கட்சியும் வேண்டாமென்றால் வாக்காளர் பதிவுப் படிவத்தில் ‘நோ பார்ட்டி’ கட்டத்தை டிக் அடியுங்கள். ‘இண்டிபெண்டெண்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவை வைக்காதீர்கள். அமெரிக்கன் இண்டிபெண்டெண்ட் பார்ட்டி என்பது 1967ல் தொடங்கிய தனிக் கட்சி. அவசரத்தில் நானே அதில் ‘உறுப்பினர்’ ஆகி, 2016 அதிபர் பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதற்கட்டத் தேர்தல்) டெமாக்ரடிக் கட்சியின் வாக்குச்சீட்டு கிடைக்காமல் விழித்தேன்.

கவர்னர், செனட் பதவிகளுக்குக் கவலையில்லை. எல்லோருக்கும் ஒரே பட்டியல், அதிக வாக்கு பெறும் முதல் இருவர் நவம்பர் தேர்தலுக்குப் போவார்கள். சிக்கல் அதிபர் பிரைமரியில்தான். 2024ல் டெமாக்ரடிக் கட்சி எந்தக் கட்சியும் சேராத வாக்காளர்களைத் தன் பிரைமரியில் அனுமதித்தது, ரிபப்ளிகன் அனுமதிக்கவில்லை. அனுமதித்த கட்சியின் வாக்குச்சீட்டையும் நீங்களாகத்தான் கேட்க வேண்டும். அதற்கென்று தபாலில் ஒரு கார்டு வரும், விளம்பரத்தோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள். நிரப்பி அனுப்பாவிட்டால் அதிபர் போட்டியே இல்லாத வாக்குச்சீட்டுதான் வரும். கட்சி மாற்றப் பிரைமரிக்கு 15 நாள் முன்புவரை ஆன்லைனில் மறுபதிவு செய்யலாம்.