தங்கையின் மருந்து கைக்கு எட்டியது

தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்; மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய். டாக்டர் எழுதிய டைமெத்தில் ஃபியூமரேட் கேப்சூல் வெளிநாட்டு பிராண்ட். ஒரு மாத விலை என் சம்பளத்தைத் தாண்டியது. நகையை அடகு வைத்து இரண்டு மாதம் ஓட்டினோம். ஒரு வேளைகூட விடக் கூடாதே என்ற பயம்.

அப்புறம்தான் நரம்பியல் டாக்டரிடம் எங்கள் நிலைமையை வாய்விட்டுச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். உடனே பிராண்டை அடித்துவிட்டு மருந்தின் மூலப்பெயரை எழுதினார். இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் அதே மருந்து, பல மடங்கு விலை குறைவு. நாமாக மாற்றிவிடாமல் டாக்டரைக் கேட்டே மாற்றுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயும் உண்டு என்பதால், சான்றிதழுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். இந்த மருந்தால் வெள்ளையணுக்கள் குறைகிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை மட்டும் தவறாமல் நடக்கிறது. சாப்பாட்டோடு விழுங்கினால் முகம் சிவந்து எரிவதும் குறைகிறது.