உடைந்த பூட்டைத் தூக்கிப் போடாதீர்கள்: அடுக்ககத் திருட்டும் இன்சூரன்ஸ் கிளெய்மும்

போன வாரம் ஓர் இளம் தம்பதி கோப்போடு வந்தார்கள். மூன்றாவது மாடி வீடு, பட்டப்பகலில் திருட்டு. போலீஸ் புகார், பில்கள், பொருள் பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பூட்டு எங்கே என்று கேட்டேன். "அன்னைக்கே மாத்திட்டோம் சார், பழசைத் தச்சர் எடுத்துட்டுப் போயிட்டார்" என்றார்கள்.

கிளெய்ம் வேலைக்கு வருமுன், என் வீட்டில் திருட்டு நடந்தபோது நானும் இதையேதான் செய்தேன். புகார் கொடுங்கள், கம்பெனிக்கு உடனே சொல்லுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன். பலரும் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சர்வேயர் பார்க்குமுன் கதவைச் சரிசெய்வது

நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புகிறவர்தான் சர்வேயர். பல பாலிசிகளில் திருட்டு என்றால் பூட்டையோ கதவையோ உடைத்து, பலவந்தமாக நுழைந்திருக்க வேண்டும். தனி வீட்டில் மதில், ஜன்னல் கம்பி, பின்வாசல் என்று தடயம் பல இடத்தில் கிடைக்கும். அடுக்ககத்தில் கீழ்வாசலும் படிக்கட்டும் பொது. யார் வேண்டுமானாலும் ஏறி வரலாம். பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கதவு ஒன்றுதான் சாட்சி.

என் வீட்டில் நாதாங்கி இருந்த இடத்தில் நிலைக்கட்டை பிளந்து, விரல் நீளத்துக்குச் சிராய் நீட்டிக்கொண்டிருந்தது. அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நல்லெண்ணத்தில் தச்சரை அனுப்பினார். மதியத்துக்குள் பிளவை அடைத்து, இழைத்து, பெயின்ட் அடித்து, புதுப் பூட்டும் போட்டாயிற்று. நான்காம் நாள் வந்த சர்வேயர் நிலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சாவி வேறு யாரிடம் இருக்கிறது?" வாட்ச்மேனிடம் ஒன்று இருந்தது. அப்புறம் ஏழு மாதம் கடிதம் எழுதினேன். போன பொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. போலீஸ் குறிப்பில் பூட்டு உடைந்திருந்தது என்று ஒரு வரி இருந்ததால் அந்த அளவாவது வந்தது. இன்றும் நினைத்தால் ஆறவில்லை.

அதற்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார வேண்டாம். மேற்கொண்டு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வதும் பாலிசிதாரரின் பொறுப்புதான். உடைந்த இடத்தைத் தொடாமல், வேறு இடத்தில் கொண்டி அடித்துத் தொங்குபூட்டு போடுங்கள். அதற்கு முன்பே படம் எடுங்கள்: கதவு முழுவதும் தெரிய ஒன்று, நெம்பிய தடத்தின் அருகே அளவுகோல் வைத்து ஒன்று, நிலையில் பூட்டின் நாக்கு நுழையும் துளை ஒன்று. பூட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கழற்றி, பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். என்ன உடைந்திருந்தது, என்ன மாற்றினார் என்று தச்சரின் பில்லில் இருக்கட்டும். செயலாளரிடமும் வீட்டுக்காரரிடமும் யாரையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தத் தம்பதி என் எதிரிலேயே தச்சருக்குப் போன் செய்தார்கள். பூட்டு இன்னும் அவர் பட்டறையில் பழைய இரும்புச் சாக்கில் கிடந்தது. பிழைத்தார்கள்.

சங்கத்தின் பாலிசியை நம்புவது

அது கட்டடத்துக்கு. உங்கள் பீரோவுக்குள் இருப்பதற்கு அல்ல.

குறைந்த தொகைக்கு எடுப்பது

பிரீமியத்தை மிச்சப்படுத்த, 100 பங்கு மதிப்புள்ள பொருள்களை 50 பங்குக்குக் காப்பீடு செய்கிறார்கள். காப்பீடு எந்த விகிதத்தில் குறைவோ அதே விகிதத்தில் கிளெய்மையும் குறைக்கும் சராசரி விதி உள்ள பாலிசியில், 20 பங்கு திருடு போனால் கிடைப்பது 10 பங்குதான். "போனது 50க்குள்தானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்கு அப்படிப் போடுவதில்லை. நகைக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாடிப்படியடியில் வைத்த சைக்கிள்

பொது இடத்தில் வைத்ததைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

நீண்ட நாள் பூட்டிய வீடு

தொடர்ந்து 30 நாள் அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டில் திருட்டுக்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு. ஊருக்குக் கிளம்புமுன் கம்பெனியிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

சிசிடிவியை அப்புறம் கேட்கலாம் என்று இருப்பது

ரெக்கார்டர் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதியும். சர்வேயர் கேட்கும்வரை காத்திருந்தால் அந்த நாளின் பதிவு போய்விடும். திருட்டு தெரிந்த அன்றே சங்கத்துக்குக் கடிதம் கொடுங்கள். நேரத்தைக் குறிப்பிட்டு, கீழ்வாசல், லிப்ட், உங்கள் மாடி மூன்றின் பதிவையும் எடுத்து வைக்கச் சொல்லி, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.