ஹெப் சி ரிப்போர்ட்டோடு யாழ்ப்பாணம் வந்திருக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர்கள், அங்கே முகாமில் பிறந்து வளர்ந்து இப்போது அப்பா அம்மாவின் ஊருக்குத் திரும்பியவர்கள், பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவோடு இருப்போம் என்று அவுஸ்திரேலியாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து இறங்கியவர்கள், யாராக இருந்தாலும் யாழ்ப்பாணம் முதல் சில மாதங்களுக்குப் புது இடம்தான். இது அவர்களில் வயிற்றில் பிள்ளையோடும் கையில் 'ஹெபடைடிஸ் சி பொசிட்டிவ்' (ஹெப் சி, ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ்) என்ற தாளோடும் வந்திருக்கிறவர்களுக்காக. வீடு, வங்கிக் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு விஷயம்: இதைக் கிளினிக்கில் ஒன்றும் மறைக்காமல் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இங்கே பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒன்றுவிட்ட சித்திக்குத் தெரிந்திருக்கும், பிள்ளைப்பேறு பார்க்கிற டொக்டருக்குத் தெரிந்திருக்காது.

முதலில் அந்தத் தாளை வடிவாக வாசியுங்கள். 'அன்டிபொடி (வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள்) பொசிட்டிவ்' என்று மட்டும் இருந்தால், அந்த வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். இப்போதும் இருக்கிறதா என்று சொல்வது, வைரஸையே இரத்தத்தில் தேடுகிற ஆர்என்ஏ பிசிஆர் பரிசோதனை. தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் போய்விடுகிறது, ஆனால் அன்டிபொடி அப்படியே நிற்கும். மருந்து எடுத்துக் குணமானவர்களுக்கும் இதே கதைதான். அதனால் நீங்கள் முன்பே சிகிச்சை முடித்தவர் என்றால், முடிந்து 12 வாரத்துக்குப் பிறகு எடுத்த 'வைரஸ் இல்லை' என்ற ரிப்போர்ட்டை எப்படியாவது தேடி எடுங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் போனால் ஒவ்வொரு வாட்டிலும் திரும்பத் திரும்ப விளக்கம் சொல்ல வேண்டி வரும். பிசிஆர் இன்னும் செய்யவில்லை என்றால் டொக்டரிடம் கேளுங்கள், மாதிரி கொழும்புக்குப் போய்வர நாள் எடுக்கலாம், கடைசி மாதம்வரை தள்ளிப்போட வேண்டாம்.

சரி, பிள்ளைக்கு வருமா? எல்லோரும் இரவில் படுத்துக்கொண்டு யோசிக்கிற கேள்வி இதுதான். இரத்தத்தில் வைரஸ் இருக்கும் தாய்மார் 100 பேரை எடுத்தால் ஏறக்குறைய 5, 6 பேரின் பிள்ளைகளுக்குத்தான் தொற்றுகிறது. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வைரஸ் இரத்தத்தில் இல்லையென்றால் பயப்பட ஒன்றுமே இல்லை. 'எனக்கு எப்படி வந்தது?' என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் தேவையில்லாத வேலை. ஒழுங்காகக் கொதிக்க வைக்காத ஊசி, சின்ன வயதில் ஏற்றிய இரத்தம், பல் பிடுங்கிய இடம், இப்படி எதுவும் இருக்கலாம். பிரிட்டனில்கூட 1991இல்தான் தானமாகக் கிடைக்கும் இரத்தத்தை இதற்காகப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள், ஏனென்றால் வைரஸையே 1989இல்தான் கண்டுபிடித்தார்கள். மாமியார் வீட்டில் யாராவது நடத்தையைப் பற்றி வாயெடுத்தால் இதைச் சொல்லலாம்.

பதிவு எப்படி என்று பார்ப்போம். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்துத்தான் உங்கள் மிட்வைஃப் (மருத்துவமாது) யார் என்பது. யாரென்று தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கிறவர்களைக் கேளுங்கள், இல்லையென்றால் விதானையாரை (கிராம சேவகரை) கேளுங்கள், அதுவும் சரிவராவிட்டால் நேரே உங்கள் பகுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போங்கள். எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது, பிந்தி வந்திறங்கியவர்கள் வந்த கிழமையே பதியுங்கள். கர்ப்பிணிப் பதிவேட்டுக் கொப்பி தருவார்கள், இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, விடிஆர்எல் (சிபிலிஸ் பரிசோதனை), எச்.ஐ.வி. என்று பரிசோதனைகள் நடக்கும். இந்த வழமையான பட்டியலில் ஹெப் சி வந்துவிடும் என்று நினைத்திருக்காதீர்கள். அவுஸ்திரேலியாவில் கர்ப்பிணிகளுக்கு அது வழமை, அமெரிக்காவில் 2020இலிருந்து ஒவ்வொரு கர்ப்பத்திலும் பார்க்கச் சொல்கிறார்கள், இங்கே நீங்கள் வாய் திறந்தால்தான் உண்டு. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து ஒரு பைலில் போட்டு, கிளினிக்குக்கு அதோடு போங்கள்.

அங்கிருந்து விஓஜியிடம், அதாவது ஆஸ்பத்திரியின் மகப்பேற்று நிபுணரிடம், அனுப்புவார்கள். டவுனில் போதனா வைத்தியசாலை, வடமராட்சிப் பக்கம் மந்திகை, வலிகாமம் வடக்கில் தெல்லிப்பழை, தென்மராட்சிக்குச் சாவகச்சேரி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள் கட்டணம் பற்றி முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்களுக்கு ஈரலையும் பார்க்கத் தெரிந்த ஒரு வைத்திய நிபுணரும் தேவை, அதற்கு விஓஜியிடம் கடிதம் கேளுங்கள். தனியாரில் சானலிங் பண்ணி (முன்பதிவு செய்து) பார்த்தாலும் அந்தத் துண்டை அரசாங்கக் கிளினிக் பைலில் சேருங்கள், இரண்டு இடத்தில் இரண்டு கதை ஓடக்கூடாது. டொக்டர் சொன்னது விளங்காவிட்டால் தமிழில் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் தமிழில் மேலை மருத்துவம் படிப்பித்த ஊர் இது, கேட்பதில் வெட்கம் இல்லை.

இனி, புதிதாக வருகிறவர்கள் எதிர்பார்க்காத விஷயம். மிட்வைஃப் வீட்டுக்கு வருவார். ஸ்கூட்டியில் வந்து இறங்குவார், மாமி கதிரை எடுத்துப் போடுவார், தேத்தண்ணி வரும், மதிலடியில் நிற்கிற அன்ரி 'என்ன, எத்தனை மாதம்?' என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். அந்த இடத்தில் ஹெப் சி கதை எடுபட்டால் அன்று பின்னேரமே கோயிலடிக்குப் போய்விடும். ஆகவே முதல் கிளினிக் நாளிலேயே, 'மிஸ், உங்களோட தனிய ஒரு விஷயம் கதைக்கோணும்' என்று ஒதுக்கிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லுங்கள், வீட்டில் யார் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே. அந்தக் கொப்பியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் கிளினிக் கொப்பி கிட்டத்தட்ட பேப்பர் மாதிரி, வருகிறவர்கள் எல்லாம் எடுத்துப் புரட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் யாராவது முகம் சுளித்தால், கையுறை இல்லாமல் தொட மாட்டேன் என்ற மாதிரி நடந்தால், வாட் சிஸ்டரிடமோ டொக்டரிடமோ நேரே சொல்லுங்கள். இரத்தத்தோடு வேலை செய்யும்போது எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு முறைதான், உங்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை.

கணவருக்குச் சொல்லத்தான் வேண்டும். அவரும் மூத்த பிள்ளைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. கணவன் மனைவிக்குள் இது தொற்றுவது மிகக் குறைவு, அதற்காக அவரை வேறு அறையில் படுக்கவைக்க வேண்டாம்.

வீட்டில் தெரிந்துவிட்டால் முதலில் பிரிக்கப்படுவது உங்கள் கோப்பையும் டம்ளரும். இங்கே ஆட்களுக்குச் செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்றால் தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் ஹெப் ஏ தான் மனதில் வரும், அதனால் அவர்களில் பிழை பிடிக்கவும் முடியாது. பொறுமையாகச் சொல்லுங்கள்: ஹெப் சி இரத்தத்தால் மட்டும் பரவுகிறது. ஒரே சட்டியில் சமைக்கலாம், ஒரே கிணற்றில் குளிக்கலாம், பிள்ளைகளைக் கொஞ்சலாம். பிரிக்க வேண்டியது வேறு சாமான்கள்: பல் பிரஷ், ரேஸர், நகவெட்டி. இன்னொன்று, யாருக்கும் ஞாபகம் வராதது, சீனி பார்க்கிற மெஷின். கர்ப்பத்தில் சீனி கூடிவிட்டது என்று மாமியின் மெஷினையே எடுத்து, அவர் குத்திய ஊசியாலேயே நீங்களும் குத்துவது இங்கே சர்வசாதாரணம். பேனா மாதிரி இருக்கிற அந்தக் குத்தியும் ஊசியும் உங்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும். தரையில் இரத்தம் சிந்தினால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். ஈரல் என்று கேள்விப்பட்டதும் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வர ஒரு பெரியம்மா எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார். அன்பாகத்தான் தருவார், நீங்களும் அன்பாகவே வேண்டாம் என்று சொல்லுங்கள். கர்ப்பத்தில், அதுவும் ஈரலில் வைரஸ் இருக்கும்போது, அளவு தெரியாத கஷாயம் எதுவும் வேண்டாம். பிள்ளை பிறந்தபின் வருகிற பத்தியக் கறி, மிளகு, உள்ளி எல்லாம் சமையல் சரக்குத்தான், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் சில வீடுகளில் முட்டைக்கோப்பிக்குள் ஒரு மூடி பிரண்டி ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, அது மட்டும் உங்களுக்கு ஆகாது. முட்டையும் கோப்பியும் போதும். பனடோல் (பரசிட்டமோல்) எத்தனை போடலாம் என்பதை டொக்டரிடமே கேளுங்கள்.

எஸ்ஜிபிடி மாதிரி ஈரல் பரிசோதனைகள் கர்ப்பகாலத்தில் தானாகவே இறங்கி நல்லபடியாகத் தெரியலாம், அதை வைத்து வைரஸ் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் இரவில் தோல் தடிப்பே இல்லாமல் கடுமையாகக் கடித்தால், அதாவது அரித்தால், அடுத்த கிளினிக்வரை காத்திருக்க வேண்டாம், ஹெப் சி உள்ளவர்களுக்குப் பித்தம் தேங்குகிற கர்ப்பகாலச் சிக்கல் வர வாய்ப்புக் கூட, அது பிள்ளையையும் பாதிக்கும். கண் மஞ்சளானாலும் அதேதான். இரவில் வாகனம் இல்லையென்றால் 1990 அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

பிள்ளைப்பேற்றுக்கு ஹெப் சி என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை. பிள்ளையின் தலையில் கம்பி பொருத்தித் துடிப்புப் பார்ப்பது போன்றவற்றைத் தவிர்ப்பார்கள், அதற்காகத்தான் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பன்னீர்க்குடம் உடைந்தால் வீட்டில் இருந்து நேரம் பார்க்காமல் உடனே போங்கள். ஹெப் பி உள்ள தாயின் பிள்ளைக்குப் பிறந்தவுடன் போடுகிற ஊசியை இதோடு குழப்ப வேண்டாம், ஹெப் சிக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

தாய்ப்பால் கொடுங்கள். பாலால் தொற்றாது. முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும், ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு மற்றப் பக்கம் கொடுங்கள். பிள்ளையைச் சரியாகப் பிடிக்க வைத்தாலே வெடிப்பு வருவது குறையும், மிட்வைஃப் மிஸ் காட்டித் தருவார்.

உங்களுக்கான மருந்து பெரும்பாலும் பிள்ளைப்பேறும் பால்குடியும் முடிந்தபின்தான், 8 அல்லது 12 வாரக் குளிசைகள், 100இல் 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. எப்போது தொடங்கலாம் என்பதை ஈரல் நிபுணரோடு இப்போதே கதைத்து வையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த இந்தியப் பிரஜைகள் தங்கள் பழைய ஆஸ்பத்திரி பைலைத் தொலைத்துவிட வேண்டாம், அங்கே 2018இலிருந்து தேசியத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம். ரிபாவிரின் என்ற மருந்தும் சேர்த்துத் தந்தால், அது முடிந்து ஒன்பது மாதம்வரை அடுத்த பிள்ளை தங்கக்கூடாது, அதைக் கணவர் எடுத்தால் ஆறு மாதம்வரை.

பிள்ளைக்கு உங்கள் அன்டிபொடி 18 மாதம்வரைகூட இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்து பொசிட்டிவ் என்று வந்தால் அழுவதில் அர்த்தமில்லை. சீக்கிரம் தெரியவேண்டும் என்றால் இரண்டு மாதத்துக்குப் பிறகு பிசிஆர் செய்யலாம். தொற்றியிருந்தாலும் பல பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடும், போகாவிட்டால் மூன்று வயதிலிருந்து மருந்து இருக்கிறது. 18 மாதத்தில் எப்படியும் முக்கூட்டு ஊசிக்குக் கிளினிக் போவீர்கள், அன்றைக்கே அன்டிபொடி பரிசோதனைக்கும் துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.