ஆர்.வி. ஜாக் அசையவில்லையா? எண்ணெயைத் தொடும் முன் மின்சாரத்தைச் சோதியுங்கள்

ஆர்.வி. எனப்படும் நடமாடும் வீட்டு வண்டியைச் சமமாக நிறுத்தும் ஜாக்குகளும், அறையை வெளியே நீட்டும் ஸ்லைடு-அவுட்டும் பல வண்டிகளில் ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. அவை அசையாவிட்டால் சிலிண்டரையோ பம்பையோ குறைசொல்லத் தோன்றும். ஆனால் அந்த எண்ணெயைத் தள்ளுவது ஒரு 12 வோல்ட் மோட்டார். அதற்குப் போதுமான கரண்ட் போகிறதா என்று பார்க்காமல் எதையும் கழற்றாதீர்கள். ஒரு மல்டிமீட்டரும் பொத்தானை அழுத்த இன்னொருவரும் இருந்தால் போதும்.

முதலில் பாதுகாப்பு. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய் கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

படி 1: எளிய காரணங்கள். பல வண்டிகளில் பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை ஆன் செய்தால்தான் ஜாக் இறங்கும். ஃபியூஸையும் பாருங்கள், கண்ணால் அல்ல, மீட்டரால். போன ஃபியூஸுக்குப் பதிலாக அதிக ஆம்பியர் ஃபியூஸைப் போடாதீர்கள், வயரே எரியும்.

படி 2: பேட்டரி. நன்றாக சார்ஜ் ஏறிய லெட்-ஆசிட் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். இதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவதுதான் புதியவர்கள் ஏமாறும் இடம். பம்ப் மோட்டார் 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கக்கூடியது. அதனால் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டர் முனைகளை கிளாம்பில் வைக்காமல், பேட்டரியின் ஈய முனைகளிலேயே வையுங்கள். அங்கேயே 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்குச் சக்தி இல்லை. சார்ஜ் செய்தோ மாற்றியோ பார்த்துவிட்டு மேலே போங்கள்.

படி 3: காதால் கேளுங்கள். பொத்தானை அழுத்தியதும் பம்ப் பக்கம் 'டிக்' சத்தமே வரவில்லையா? கோளாறு சுவிட்ச், கன்ட்ரோல் பேனல், சொலினாய்டுக்கு (மோட்டாருக்குப் பெரிய கரண்டை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய வயர் ஆகியவற்றில் இருக்கலாம். அந்த மெல்லிய வயரில் 12 வோல்ட் வந்தும் சத்தம் இல்லையென்றால், சொலினாய்டையும் அதன் எர்த்தையும் (நெகட்டிவ் இணைப்பு) பாருங்கள்.

டிக் கேட்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் தடிமனான வயர்கள் பக்கம் வாருங்கள். சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்களிலும் மீட்டரை வைத்து, பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 0 காட்டினால் உள் கான்டாக்ட் நன்றாக இருக்கிறது. 12 அப்படியே நின்றால் கான்டாக்ட் கருகிவிட்டது, சொலினாய்டை மாற்ற வேண்டியதுதான்.

படி 4: எர்த். பாசிட்டிவ் வயரை இன்ச் இன்ச்சாகச் சோதிப்பவர்கள்கூட நெகட்டிவை மறந்துவிடுகிறார்கள். மழையும் சேறும் படும் இடத்தில் எர்த் போல்ட் இருந்தால் துரு ஏறாமல் இருக்காது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை மோட்டாரின் உடல் மீதும் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். (மோட்டாருக்கு இரண்டு தடிமனான வயர்கள் வந்தால், நெகட்டிவாக வேலை செய்யும் முனையில் வையுங்கள்.) அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் இணைப்பைப் பிரித்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள். இதற்குப் பிறகும் மோட்டார் முனையில் நல்ல வோல்டேஜ் வந்து அது சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டும்.

படி 5: மோட்டார் ஓடுகிறது, ஒரு ஜாக் மட்டும் அசையவில்லை. அந்த ஜாக்கின் வால்வு காயிலை (வால்வை இயக்கும் மின்காந்தச் சுருள்) பாருங்கள். பொத்தானை அழுத்தும்போது காயிலின் தலைப்பக்க நட்டுக்கு அருகே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோனால் காந்தம் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் கனெக்டரில் வோல்டேஜ் இருக்கிறதா என்று அளங்கள். இருந்தால் காயில் போய்விட்டது. காந்தம் இழுத்தும் ஜாக் அசையவில்லை என்றால் அப்புறம் எண்ணெய், வால்வு அடைப்பு என்று போகலாம். எந்த ஜாக்குமே அசையாவிட்டால் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். ஜாக், ஸ்லைடு எல்லாம் உள்ளே இருக்கும்போதுதான் அந்த அளவு சரியாகத் தெரியும்.

அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால், பல பம்ப்களில் கையாலோ டிரில்லாலோ ஜாக்கை மடக்க வழி உண்டு. உங்கள் மாடலின் கையேட்டில் அந்தப் பக்கத்தை இப்போதே படித்து வையுங்கள். ஜாக்குகள் முழுதும் மேலே ஏறாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.