சொகுசுக் காருக்கு நீண்டு உழைக்கும் டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் புதிய சொகுசுக் கார்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இந்தக் கார்களோடு வரும் டயர்களில் பல, பிடிமானத்தையும் சத்தமில்லாத ஓட்டத்தையும் முன்வைத்துச் செய்யப்பட்டவை. நீண்டு உழைப்பது அவற்றின் முதல் நோக்கம் அல்ல. அதனால் காரின் புதுமை குறைவதற்குள் டயர் மொட்டையாகிவிடுகிறது. எங்கள் வீட்டுக் காருக்கு அண்மையில் நான்கு டயர்களையும் மாற்றினேன். அடுத்து மாற்றப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கடைசி எண்ணையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

டயரின் பக்கவாட்டில் 225/45 ஆர்18 95 ஒய் என்பதுபோல் எழுதியிருக்கும். அகலமும் ரிம் அளவும் கடைக்காரருக்கே தெரியும். நீங்கள் கவனிக்க வேண்டியது 95 என்ற சுமை எண்ணை. அப்படியென்றால் ஒரு டயர் 690 கிலோ வரை தாங்கும். அதே அளவில் 91 என்றால் 615 கிலோதான். "அளவு ஒன்றுதானே ஐயா" என்று 91ஐ எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். நான்கு டயருக்கும் சேர்த்து 300 கிலோ குறைகிறது. பற்றரியின் பாரத்தையும் சுமக்கும் மின்சாரக் கார்களுக்கும் ஹைபிரிட் கார்களுக்கும் இது இன்னும் முக்கியம். கடைசி எழுத்து வேகத்துக்கு உரியது: வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். நம்முடைய வீதிகளில் அந்த வேகம் யாருக்கும் தேவையில்லை என்றாலும், கார் நிறுவனம் சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம். அந்த எழுத்து டயர் சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்தே சொல்கிறது.

படி 2: விளையாட்டு வகையா, பயண வகையா?

என் முடிவு பயண வகைதான். மிஷெலின் பிரைமசி, பிரிஜ்ஸ்டோன் டுரான்ஸா போன்றவை இந்தக் கூட்டம். பைலட் ஸ்போர்ட், பொட்டென்ஸா போன்றவை வளைவுகளில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் அவற்றின் ரப்பர் பொதுவாக மென்மையானது, சீக்கிரம் தேயும். செங்கலடியிலிருந்து பதுளைக்கு மலை ஏறுகிறவருக்குக்கூட நல்ல பயண டயர் போதும்.

படி 3: டிரெட்வேர் எண்

பலர் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாக வாசியுங்கள். பக்கவாட்டில் சிறிய எழுத்தில் டிரெட்வேர் (தேய்மான எண்) 300, டிராக்‌ஷன் ஏ, டெம்பரேச்சர் ஏ என்று இருக்கும். 300 என்பது 30,000 கிலோமீட்டர் அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸில் பொது வீதியில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று மதிப்பிட்ட ஓர் ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை அளக்கிறார்கள். 300 என்றால் அந்த ஒப்பீட்டு டயரைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று பொருள்.

இந்த எண்ணைப் பொறிப்பது டயர் நிறுவனமேதான். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது நன்றாக உதவும். வேறு நிறுவனத்தின் 400ஐயும் இன்னொன்றின் 340ஐயும் வைத்து உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஐரோப்பியச் சந்தைக்கு மட்டும் செய்த சில டயர்களில் இந்த எண்ணே இருக்காது. அதற்காக அவை மோசமானவை என்று ஒதுக்காதீர்கள். எண் பெரிதாக இருந்தாலும், ஈர வீதியில் பிடிமானத்தைக் காட்டும் டிராக்‌ஷன் ஏக்குக் கீழே இருந்தால் நான் வாங்க மாட்டேன். மார்கழி மழையில் காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை தண்ணீர் தேங்கி நிற்கும் வீதியில் பிரேக் பிடிப்பது இந்த டயர்தான்.

படி 4: பிறந்த வாரம்

டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழுத் திகதி டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பது உண்டு. பூட்டிய பிறகு அது உட்புறமாகப் போய்விட்டால் காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். எனவே ரிம்மில் ஏற்றும் முன்பே, நான்கையும் கீழே படுக்கவைத்து கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கொழும்பிலிருந்து வரவழைப்பதானால் பணம் கட்டுவதற்கு முன் அந்த இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததை, விலை குறைத்தாலும் நான் எடுப்பதில்லை.

படி 5: பூட்டுதல்

மெல்லிய பக்கவாட்டு டயரை இரும்புக் கம்பியால் நெம்பி ஏற்றும் கடைக்குப் போகாதீர்கள், ரிம் கீறிவிடும். பூட்டியதும் பாலன்ஸ், வீல் அலைன்மென்ட் இரண்டும் செய்யுங்கள். அலைன்மென்ட் பிசகியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த டயரும் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்துபோகும். வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் அளந்து, கூடிவிட்டதென்று காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் குறைகாற்றில் ஓடும், ஓரங்கள் தேயும். சரியான அளவு ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்று வாசகர் ஒருவர், மேலதிகச் சில்லு இல்லாத காருக்கு என்ன செய்வது என்று கேட்டார். உங்கள் பழைய டயரில் ஆர்.எஃப்.டி., எஸ்.எஸ்.ஆர்., இசட்.பி. என்று ஏதாவது இருந்தால் அது ரன்பிளாட். காற்று இறங்கினாலும் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் கொண்டுசேர்க்கும். மஹாஓயாக் காட்டுப் பாதையில் இது பெரிய துணை. சாதாரண டயருக்கு மாறினால், காற்றடிக்கும் சிறு பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் டிக்கியில் கட்டாயம் வேண்டும். நான்கில் இரண்டை மட்டும் மாற்றி, ரன்பிளாட்டையும் சாதாரணத்தையும் கலந்து போடாதீர்கள்.

இன்னொருவர் 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றலாமா என்றார். நான்கும் ஒரே அளவானால் மாற்றுங்கள், ஆயுள் கூடும். பின் டயர் அகலமாக இருக்கும் கார்களில் அப்படி மாற்ற முடியாது. அந்தக் கார்க்காரர்கள் பின் டயரை முன்னதாக மாற்றக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.